பதினைந்தும் ஐம்பதும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், அறைவீட்டுத் திண்ணையில் ஒரு தாயும் மகனும் வந்து நின்றனர். மகனுக்கு வயது இருபது இருக்கலாம். கப்பல் பணிக்கான பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவன். வெளியூரில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். முடிவு என்னவென்று கேட்கத் தேவையில்லாதபடி அவன் முகமே சொல்லிற்று. தாயின் காதுகளில் வழக்கமாகக் காணும் கம்மல்கள் இல்லை. பயிற்சிக்குக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிற்று.

“தோத்திரம் சாமி. பள்ளிக்கூடத்திலே இவனுக்கு இங்கிலீசிலே நல்ல மார்க்கு. ஆனா அங்கே போய் ஏதோ நம்பரைத் தப்பாச் சொல்லிட்டானாம். அனுப்பிட்டாங்க” என்றாள் தாய்.

நடந்ததை மகன் விளக்கினான். சுக்கான் பிடிப்பவனுக்குக் கட்டளையிடுவது போல் அதிகாரி ‘போர்ட் ஃபிஃப்டீன்’ என்றார். கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது கடல் விதி. இவன் ‘போர்ட் ஃபிஃப்டி’ என்று திருப்பிச் சொன்னான். “தம்பி, எந்தக் கப்பலிலே சுக்கான் ஐம்பது பாகை திரும்பும்?” என்று அதிகாரி கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். கப்பல்களின் சுக்கான் பொதுவாக ஒரு புறத்திற்கு 35 பாகைக்கு மேல் திரும்புவதில்லை. அது அவனுக்குத் தெரியாததன்று. ஆயினும் செவி ஏமாற்றிவிட்டது. அதன்பின் கேட்ட எளிய கேள்விகளுக்கும் அவன் நா எழவில்லை.

“இங்கிலீசு எனக்கு வராது சாமி” என்றான்.

“இங்கிலீசு உனக்கு வரும் மகனே. எண்தான் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளலாம்” என்றேன்.

அன்று தொடங்கிப் பல மாலைகள் நாங்கள் இருவரும் எண்களோடு அமர்ந்தோம். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில் நானும் சில கற்றேன். நம் மறைமாவட்டத்துக் கடற்கரையூர்களிலிருந்து கப்பலுக்கும் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பயன்படும் என்று கருதி அவற்றை இங்கே தருகிறேன்.

ஏன் எண் கடைசியில் வருகிறது?

வேற்றுமொழியில் நாம் பேசலாம்; படிக்கலாம்; கடிதமும் எழுதலாம். ஆனால் கணக்குக் கூட்டும்போது நம் உதடுகள் தாய்மொழியிலேயே அசையும். ஆண்டுக்கணக்காய் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தவரும் சந்தையில் மீதிச் சில்லறையைத் தமிழில்தான் எண்ணிக்கொள்வார். எண்கள் நம் உள்ளத்தில் மிக இளமையிலேயே வேரூன்றிவிட்டதே காரணம். ஆகவே வேற்றுமொழியில் எண்ணைச் சொல்ல நேர்ந்தால் நாம் அதைச் சொல்லுவதில்லை, மொழிபெயர்க்கிறோம். அந்த ஒரு நொடித் தாமதத்தில்தான் பிழை நுழைகிறது.

இது நம்மவர்க்கு மட்டும் உள்ள குறையன்று. தமிழில் ‘தொண்ணூறு’ என்கிறோம். எண்பதுக்கு அடுத்து வரும் பத்தின் பெயருக்குள் ‘நூறு’ எப்படி வந்தது என்று நம் குழந்தைகள் கேட்பதில்லை. தமிழ் கற்க வரும் வெளிநாட்டார் அங்கே கட்டாயம் இடறுவர். பிரெஞ்சு மொழியில் எண்பதைச் சொல்ல ‘நான்கு இருபது’ என்பர். புதுவையிலும் காரைக்காலிலும் பழைய குடும்பத்தார் இதை அறிவர். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இருபது இருபதாக எண்ணினர். ‘ஸ்கோர்’ என்றால் இருபது. மனிதனின் ஆயுள் எழுபது என்று கூறும் சங்கீதத்தை அவர்களுடைய பழைய விவிலியம் ‘மூன்று இருபதும் பத்தும்’ என்றே பெயர்த்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவின் தொடக்கத்தில் 87 ஆண்டுகளை நான்கு இருபதும் ஏழுமாகவே எண்ணினார்.

ஒவ்வொரு மொழிக்கும் எண்ணுவதில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை அந்த மொழியிடமே கேட்டுக் கற்க வேண்டும். இதுவே அந்த இளைஞனுக்கு நான் சொன்ன முதற்பாடம்.

செவி ஏமாறும் இடம்

தமிழில் பதின்மூன்றையும் முப்பதையும் எவரும் மாற்றிக் கேட்பதில்லை. பதினைந்தும் ஐம்பதும் அவ்வாறே. இரண்டின் ஒலியும் வெகு தொலைவில் உள்ளவை. ஆங்கிலத்திலோ ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ என்பனவும், ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்பனவும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. பெரும்பாலும் ‘டீன்’ என்னும் ஈறு நீண்டு, அழுத்தம் பெற்று ஒலிக்கும். ‘டி’ என்னும் ஈறு குறுகி, அழுத்தம் முதலசையில் விழும். வரிசையாக எண்ணும்போதும், அடுத்து ஒரு பெயர்ச்சொல் வரும்போதும் ‘டீன்’ ஈற்றுச் சொற்களிலும் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடும். ஆதலால் அழுத்தத்தை மட்டும் நம்பாமல், இறுதியில் ‘ன்’ ஒலி நிற்கிறதா என்று செவி கொடுத்துக் கேட்க வேண்டும். சொல்லும்போதும் அதை விழுங்காமல் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இங்கே தடுமாறுகின்றனர் என்பதை அறிந்தபோது அந்த இளைஞனின் முகம் சற்றுத் தெளிந்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, கப்பல்களில் பேசவேண்டிய ஆங்கிலத் தொடர்களை வகுத்து 2001-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதன்படி எண்களை இலக்கம் இலக்கமாகப் பிரித்தே சொல்ல வேண்டும். 150 என்பதை ‘ஒன்-ஃபைவ்-ஸீரோ’ என வேண்டும். இரண்டரையை ‘டூ டெசிமல் ஃபைவ்’ அல்லது ‘டூ பாயின்ட் ஃபைவ்’ என வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. சுக்கானுக்கு இடும் கட்டளையில் மட்டும் ‘ஃபிஃப்டீன்’, ‘ட்வென்டி’ என்று முழுச்சொல்லாகவே சொல்ல வேண்டும். நம் இளைஞன் இடறியது அந்த விலக்கில்தான். எந்த இடத்தில் எண் பிரியும், எந்த இடத்தில் பிரியாது என்பதைத் தெரிந்துகொள்வதே அவனுக்குத் தேவைப்பட்டது.

அதே விதித் தொகுப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. வானொலியில் தெளிவாகக் கேட்கும் பொருட்டு மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும், ஆயிரத்தை ‘டௌசண்ட்’ என்றும் ஒலிக்கச் சொல்கிறது. ஆங்கிலேயரின் ‘த்ரீ’ நம் நாவில் சரியாகப் படிவதில்லை என்று வெட்கப்படும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ளட்டும். கடலில் வேண்டுவது பிறர் நாவைப் போன்ற ஒலியன்று. பிறர் செவிக்குத் தவறாத ஒலி.

கடலில் மட்டுமன்று. மருந்தின் அளவைத் தொலைபேசியில் சொல்லும்போது ‘ஃபிஃப்டீன், ஒன்-ஃபைவ்’ என இருமுறையும் சொல்லும்படி மருத்துவமனைகளில் அறிவுறுத்துகின்றனர். பதினைந்து மில்லிகிராம் ஐம்பதாக மாறினால் விளைவு என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? நம் ஊர்களிலிருந்து செவிலியராகச் செல்லும் பெண்மக்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

தமிழில் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை

இரண்டாம் வாரம் அவன் ஒரு கேள்வியோடு வந்தான். “சாமி, ‘நீ எத்தனையாவது பிள்ளை?’ என்பதை இங்கிலீசிலே எப்படிக் கேட்பது?”

நல்ல கேள்வி. இதற்கு நேரான ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. நம் ‘எத்தனையாவது’ தமிழின் செல்வம். அவர்கள் சுற்றி வளைத்துத்தான் கேட்பர்: உங்கள் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், நீ மூத்தவனா, இளையவனா, நடுவில் பிறந்தவனா என்பர். மறுமொழி மட்டும் எளிது: ‘ஐ ஆம் த தர்ட் ஆஃப் ஃபைவ்’, அதாவது ஐவரில் மூன்றாமவன். 2023-ஆம் ஆண்டில் நம் பனிமய அன்னையின் தங்கத்தேர் பதினாறாவது முறையாக வீதிவலம் வந்தது. ‘இது எத்தனையாவது தங்கத்தேர்?’ என்று ஒரு வெளிநாட்டார்க்கு ஆங்கிலத்தில் கேட்டுக் காட்ட முயன்று பாருங்கள். ‘இதுவரை எத்தனை முறை தேர் ஓடியுள்ளது?’ என்று கேள்வியை மாற்றிக்கொள்வதே வழி. சொல்லுக்குச் சொல் தேடினால் சிக்குவோம். கருத்தைக் கொண்டுபோனால் தப்புவோம்.

‘நாலைந்து பேர்’ என்று நாம் இரு எண்களைச் சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவற்றின் இடையே ‘ஆர்’ என்னும் சொல் வேண்டும்: ‘ஃபோர் ஆர் ஃபைவ்’. ‘ஆளுக்கு இரண்டு இரண்டு’ என்பதை நம் பிள்ளைகள் ‘டூ டூ’ என்று சொல்லி நகைப்புக்கு ஆளாகின்றனர். அங்கே ‘டூ ஈச்’ என்பதே வழக்கு. ஆனால் எண்ணை இரட்டித்துச் சொல்லும் வழக்கம் இழிந்ததன்று. ஆண்டவர் தம் பன்னிருவரை இருவர் இருவராக அனுப்பியதைக் கூறுமிடத்தில், மாற்கு நற்செய்தியின் கிரேக்க மூலமும் நம்மைப் போலவே ‘இரண்டு இரண்டு’ என்றே இரட்டித்து எழுதியுள்ளது. குருமடத்தில் அதைப் படித்த நாளில், கிரேக்கம் எனக்குச் சற்று உறவாகிவிட்டது போல் உணர்ந்தேன்.

‘ஒன்றரை’, ‘இரண்டேகால்’ என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலேயர் மூன்று நான்கு சொற்களில் சொல்வர். அவற்றுள் ‘ஏ’ என்னும் சிறு சொல்லை நாம் தவறவிடுகிறோம். ‘டூ அண்ட் ஹாஃப்’ என்பது பிழை. ‘டூ அண்ட் ஏ ஹாஃப்’ என்பதே சரி. ஒன்றரை மணி நேரத்தை ‘அன் அவர் அண்ட் ஏ ஹாஃப்’ என்பர். ஒன்றரை ஆண்டைப் பல சமயம் பதினெட்டு மாதம் என்றே சொல்வர்.

பன்மையிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்து ரூபாய் என்னும்போது ‘டென் ருப்பீஸ்’; அது நோட்டுக்கு அடைமொழியாகும்போது பன்மை நீங்கி ‘டென்-ருப்பீ நோட்’. ‘ஹண்ட்ரட்’, ‘டஜன்’, ‘மில்லியன்’ ஆகியவை முன்னே ஓர் எண் நின்றால் பன்மை ஏற்பதில்லை: ‘டூ ஹண்ட்ரட்’, ‘த்ரீ டஜன்’. எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் மட்டும் ‘ஹண்ட்ரட்ஸ்’, ‘டஜன்ஸ்’ என வரும்.

நாள் எண்ணுவதில் வரும் வேறுபாடு

பனிமய அன்னையின் திருவிழா சூலை 26-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகத்து 5-ஆம் நாள் முடிகிறது. எத்தனை நாள் திருவிழா? கழித்துப் பார்ப்பவன் பத்து என்பான். விரல்விட்டு எண்ணுபவன் பதினொன்று என்பான். விரல் சொல்வதே சரி. தொடங்கும் நாளும் முடியும் நாளும் கணக்கில் சேரும்.

இரு முனைகளையும் சேர்த்து எண்ணும் இவ்வழக்கம் மிகப் பழமையானது. ஆண்டவர் வெள்ளியன்று மரித்து ஞாயிறன்று மூன்றாம் நாளில் உயிர்த்தார் என்று விசுவசிக்கிறோம். அருளப்பர் நற்செய்தியில், எட்டு நாளுக்குப் பின் சீடர் கூடியிருந்தபோது தோமையாரும் உடனிருந்தார் எனக் காண்கிறோம். அது அடுத்த ஞாயிறே. நாமும் அப்படித்தான் ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்கிறோம். இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்கிறோம். பிரெஞ்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் பதினைந்து நாள் என்றே சொல்கின்றனர். ஆங்கிலேயர் மட்டும் இரவுகளை எண்ணிப் பதினான்கு இரவு என்று பொருள்படும் ‘ஃபோர்ட்னைட்’ என்கின்றனர். ஆகவே பதினைந்து நாள் விடுப்பு வேண்டும் என்று ‘ஃபிஃப்டீன் டேஸ்’ எழுதினால், வெள்ளையர் பதினைந்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பர். இரண்டு வாரம் என்று எழுதுவதே நலம்.

தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். 04/05 என்று எழுதினால் நமக்கும் ஆங்கிலேயர்க்கும் அது மே மாதம் நான்காம் நாள்; அமெரிக்கர்க்கு ஏப்ரல் ஐந்தாம் நாள். கப்பலில் ஏறவேண்டிய நாளை மாற்றிப் படித்தவனுக்காகக் கப்பல் காத்திராது. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இந்த இடர் இல்லை. நேரத்திலும் அப்படியே. ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் ‘ஹாஃப் எய்ட்’ என்றால் எட்டரை; அதே சொற்களை ஜெர்மானியர் தம் மொழியில் சொன்னால் ஏழரை. ஒரே கப்பலில் இருவரும் இருக்கக்கூடும். ‘எய்ட் தர்ட்டி’ என்று சொல்லிவிட்டால் எவரும் பிழைபட மாட்டார்.

லட்சமும் மில்லியனும்

நம் தூத்துக்குடி மண்ணின் பெருமைக்குரிய வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். இக்கணக்கை நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘டென் லாக்’ என்று சொல்லலாம், தவறில்லை. ‘லாக்’, ‘க்ரோர்’ ஆகிய நம் சொற்கள் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுவிட்டன. ஆனால் நம் நாட்டுக்கு வெளியே உள்ள பலருக்கு அவை விளங்கா. அங்கே பத்து லட்சம் என்பது ‘ஒன் மில்லியன்’. ஒரு கோடி என்பது ‘டென் மில்லியன்’. நூறு கோடி என்பது ‘ஒன் பில்லியன்’. காற்புள்ளி இடுமிடமும் மாறும்: நாம் 10,00,000 என்று எழுதுவதை அவர்கள் 1,000,000 என்று எழுதுவர்.

நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள். 2011-இல் அதற்கு வ. உ. சி.யின் பெயர் சூட்டப்பட்டது. 2023-24-ஆம் ஆண்டில் அது கையாண்ட சரக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல். இதை வெளிநாட்டார்க்குச் சொல்லும்போது ‘ஃபார்ட்டி மில்லியன்’ என வேண்டும். ‘ஃபோர் மில்லியன்’ என்று வாய் தவறினால் பத்தில் ஒன்பது பங்கு கடலில் போயிற்று! துறைமுகம் எழுந்த அதே 1974-ஆம் ஆண்டின் இறுதியில்தான், பிரிட்டிஷ் அரசும் தன் ‘பில்லியன்’ எது என்பதை மாற்றிக்கொண்டது. அதற்கு முன் அவர்களிடையே பில்லியன் என்றால் நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி; அது முதல் அமெரிக்கரைப் போல் நூறு கோடி. எண்ணின் பெயரை ஓர் அரசே மாற்றிக்கொள்ளுமானால், நாம் அதைக் கேட்டறிவதில் என்ன இழுக்கு?

நம் முன்னோர் எண்ணாத எண்ணா?

அந்த இளைஞனின் பாட்டனார் தோணியில் தண்டலாக இருந்தவர். எழுத்தறிவு குறைவு. ஆனால் கயிற்றை நீரில் விட்டு இழுத்து, இரு கைகளையும் விரித்து அளந்து, இத்தனை பாகம் ஆழம் என்று சொல்லிவிடுவார். ‘பாகம்’ என்பது விரித்த இரு கைகளின் நீளம் அன்றோ? ஆங்கிலேயரின் ‘ஃபாதம்’ என்ற சொல்லுக்கும் பழம்பொருள் விரித்த கைகள் என்பதே. அது ஆறடி. இரண்டு பாகம் ஆழத்தைக் குறிக்க அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் கப்பலோட்டிகள் ‘மார்க் ட்வெய்ன்’ என்று குரல் கொடுத்தனர். அவ்வளவு நீர் இருந்தால் படகுக்கு அச்சமில்லை. அந்த ஆற்றில் கப்பல் செலுத்திய ஒருவர் பின்னாளில் எழுத்தாளராகி அக்குரலையே தம் புனைபெயராகக் கொண்டார். உலகறிந்த ஒரு பெயர் நம் தண்டல்கள் நாள்தோறும் சொன்ன ஓர் அளவுதான்!

இக்கடலில் முத்துக்குளித்தல் 1955 முதல் 1961 வரை நடந்து, அதன்பின் நின்றுவிட்டது. ஆனால் முத்தைக் கணக்கிட்ட முறை இன்னும் பெரியோர் நினைவில் உண்டு. பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதலாவதில் இருபது துளைகள், அடுத்தவற்றில் முப்பது, ஐம்பது, எண்பது, நூறு எனப் பெருகி இறுதியில் ஆயிரம் துளைகள். துளை பெருகப் பெருக முத்து சிறுக்கும். எடை மஞ்சாடியிலும் கழஞ்சிலும் பார்க்கப்பட்டது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்தின் விலை எடையோடு ஒப்ப ஏறுவதில்லை. எடையின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். எடை இரு மடங்கானால் விலை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுமாறு அவனிடம் கூறினேன்: ‘ட்வைஸ் த வெய்ட், ஃபோர் டைம்ஸ் த ப்ரைஸ்’. ஒரு மடங்குக்கும் இரு மடங்குக்கும் தனிச்சொல் உண்டு. மூன்றுக்குரிய ‘த்ரைஸ்’ நம் நாட்டில் வாழ்கிறது, இங்கிலாந்தின் பேச்சில் அருகிவிட்டது. நான்கு முதல் ‘டைம்ஸ்’தான். கரையில் அமர்ந்து மனத்தால் வர்க்கம் கண்ட மக்களின் பேரன், ஆங்கில எண்ணுக்கு அஞ்சுவானேன்?

எண் அல்லாத எண்கள்

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று நம் தாய்மார் கேட்கும்போது அந்த நால்வர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அது ஊர் உலகைக் குறிக்கும். இதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால் கேட்பவர் நான்கு மனிதரைத் தேடுவார். ‘பீப்பிள்’ என்றால் போதும். ஒரே கல்லில் நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். ஆங்கிலேயர் இரண்டு பறவைகளை வீழ்த்துகின்றனர். எண் ஒன்றே, விழுவதுதான் வேறு. எப்படிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான் என்பதற்கு அவர்கள், இதில் ஆறு, அதில் அரை டஜன் என்பர். டென்னிசில் சுழியத்தை ‘லவ்’ என்பர். கால்பந்தில் ‘நில்’ என்பர். தொலைபேசி எண்ணில் ‘ஓ’ என்பர்.

கடைசி நேரத்தை அவர்கள் ‘பதினோராம் மணி’ என்பது ஏன் என்று அவன் கேட்டபோது மகிழ்ந்தேன். திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து வந்தது அது. விடியலிலிருந்து பகலைப் பன்னிரண்டு மணியாக எண்ணிய காலத்தில் பதினோராம் மணி என்பது மாலை ஐந்து மணியளவு. அந்த நேரத்தில் அழைக்கப்பட்டவனுக்கும் முழுக் கூலி கிடைத்தது. “அப்படியானால் எனக்கும் இன்னும் நேரம் இருக்கிறது சாமி” என்றான் அவன்.

இத்தகைய தொடர்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்து பேச்சில் திணிப்பது நன்றன்று. பிறர் சொல்லக் கேட்டு, எந்த இடத்தில் சொன்னார் என்று கவனித்து, பொருள் உறுதியான பின்னரே பயன்படுத்த வேண்டும். எண்களைப் பிழையின்றிச் சொல்வது முதற்கடமை. அழகுத் தொடர்கள் பின்னர் வரலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

இதற்குப் பணச்செலவு இல்லை. இரவு உணவுக்குப் பின் பத்து மணித்துளி போதும். ஒருவர் தொலைபேசி எண்ணை இலக்கம் இலக்கமாக ஆங்கிலத்தில் சொல்லட்டும். மற்றவர் எழுதித் திருப்பிப் படிக்கட்டும். பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையும், முப்பது முதல் தொண்ணூறு வரையும் உள்ள எண்களைக் கலந்து சொல்லி, கேட்டதைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். கடைச் சில்லறையைப் பிள்ளை ஆங்கிலத்தில் எண்ணட்டும். தமிழில் எண்ணிப் பின் பெயர்க்க விடாதீர்கள். ஐயம் வந்தால் ‘ஒன்-ஃபைவா, ஃபைவ்-ஸீரோவா?’ என்று கேட்கப் பழக்குங்கள். மீண்டும் கேட்பது அறியாமையன்று. கடலில் அதுவே ஒழுக்கம். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளை தவறும்போது சிரியாதீர்கள். அன்று அவன் நாவைக் கட்டியது ஆங்கிலமன்று, அறையிலிருந்தோர் சிரிப்பு.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கல்லிலிருந்து வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார், இதே முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து தமிழ் கற்று, அதற்கு இலக்கணம் எழுதி, 1578-இல் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சேற்றினார். தொடக்கத்தில் அவர் எத்தனை முறை தவறியிருப்பார்! நம் முன்னோர் அவருடைய தவறுகளைப் பொறுத்துக் கற்பித்ததால்தான் அந்நூல் நமக்குக் கிடைத்தது. அந்தப் பொறுமையை நம் சொந்தப் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

அந்த இளைஞன் ஐந்து மாதங்களுக்குப் பின் வேறோர் இடத்தில் தேர்வு எழுதித் தேறினான். இப்போது கப்பலில் இருக்கிறான். சென்ற திங்கள் கைப்பேசியில் அவன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தான். பின்னணியில் இயந்திர இரைச்சல். “சாமி, நேத்து ராத்திரி முதல் தடவையாச் சுக்கான் பிடிச்சேன். ‘ஸ்டார்போர்டு ஃபிஃப்டீன்’ன்னு உத்தரவு வந்தது. கடைசி ‘ன்’னை நல்லா அழுத்தித் திருப்பிச் சொன்னேன்” என்றான். தாய்க்கு அதைப் போட்டுக் காட்டினேன். கம்மல்கள் இன்னும் மீட்கப்படவில்லை. “இன்னும் மூணு மாசச் சம்பளம் வரணும் சாமி” என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். அவள் கணக்கில் பிழை இருக்காது.